முடித்த கேமை மறுபடி தொடங்க வைப்பது எது?

கேள்வி இதுதான்: சில ஸ்ட்ராடஜி கேம்களும் (திட்டமிட்டு ஆடுபவை) ஆர்பிஜிகளும் (ஒரு கேரக்டராக நடித்து அதை வளர்ப்பவை) இருபது வருடம் ஆன பிறகும் அலுப்பதில்லை. அவற்றைவிடப் பல மடங்கு செலவில், கண்ணைப் பறிக்கும் அழகோடு வந்த சில கேம்களை ஒருமுறை முடித்ததோடு மறந்துவிடுகிறோம். இது ஏன்?

நான் இந்த இரண்டு வகைகளையும் பல வருடங்களாக ஆடி வருகிறேன். ஒரே கேமை எண்ண முடியாத அளவு தடவை தொடங்கியிருக்கிறேன். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கேமுக்குள் எவ்வளவு கொட்டி வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நாம் திரும்பிப் போவதில்லை. போன ஆட்டத்தில் எதை விட்டுவிட்டு வந்தோமோ, அதற்காகத்தான் போகிறோம். எதையாவது விட்டே ஆக வேண்டும் என்ற நிலையை உருவாக்கத் தெரிந்த கேம்தான் நீண்ட நாள் வாழ்கிறது.

மாரோவிண்ட் (2002), ஸ்கைரிம் (2011) என்ற இரண்டு ஆர்பிஜிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே வரிசை. மாரோவிண்டில் லாலு, ரெடோரான், டெல்வானி என்று மூன்று பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்றில் சேர்ந்துவிட்டால் மற்ற இரண்டிலும் சேர முடியாது. முதல் ஆட்டத்தில் நான் ரெடோரான் வீரன். டெல்வானி மந்திரவாதிகள் ராட்சதக் காளான்களையே கோபுரமாக வளர்த்து அதற்குள் வாழ்வார்கள். உள்ளே மேலே போகப் படிக்கட்டுகூட இருக்காது, மந்திரத்தால் மிதந்துதான் போக வேண்டும். விருந்தாளியாக அங்கே போய் நின்றபோதே அடுத்த ஆட்டம் என் மனதுக்குள் தொடங்கிவிட்டது. ஸ்கைரிமில் அந்த ஏக்கத்துக்கு இடம் குறைவு. ஒரே கேரக்டர் போர்வீரர் கூட்டத்துக்கும் தலைவர், திருடர் சங்கத்துக்கும் தலைவர், மந்திரக் கல்லூரிக்கும் தலைவர். மந்திரம் பெரிதாகத் தெரியாதவர்கூடக் கல்லூரித் தலைவர் ஆகிவிடலாம். எல்லாம் கிடைத்தது, சரி. ஆனால் இரண்டாவது ஆட்டத்துக்கு என்ன மிச்சம்?

ஸ்கைரிமை இன்றுவரை பல பேர் ஆடுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அவர்களில் பெரும்பாலோர் அந்த மலைகளில் சும்மா சுற்றித் திரிவதற்காகவும், ரசிகர்கள் செய்த மோட்களுக்காகவும் (கேமை மாற்றும் சேர்க்கைகள்) போகிறவர்கள். அதுவும் நியாயமான இன்பம்தான். ஆனால் அவர்களிலும் நெடுநாள் ஆடுகிறவர்கள் தாங்களே ஒரு வேலி போட்டுக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்: இந்தத் தடவை வில் மட்டும், இந்தத் தடவை மந்திரம் மட்டும், சட்டென்று ஊர்விட்டு ஊர் தாவும் வசதியைத் தொடவே கூடாது. கேம் போடாத கட்டுப்பாட்டை ஆடுபவரே போட்டுக்கொள்கிறார்.

இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய மரியாதை வரவழைத்த கேம் த விட்சர் 2 (2011). முதல் அத்தியாயத்தின் கடைசியில் ரோச், இயோர்வெத் என்ற இருவரில் ஒருவரோடு கிளம்ப வேண்டும். யாரோடு போகிறீர்களோ அதற்கேற்ப இரண்டாம் அத்தியாயம் முழுதும் மாறும். ஒரு வழியில் மன்னன் ஒருவனின் ராணுவ முகாமில் இருப்பீர்கள். இன்னொரு வழியில் அதே போரில் அந்த முகாம் தாக்க வந்திருக்கும் ஊருக்குள் இருப்பீர்கள். ஒருமுறை மட்டும் ஆடுகிறவர் இதில் பாதியைப் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தும் அவ்வளவு உழைத்திருக்கிறார்கள்.

சில கேம்களில் எதை விடுவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, கேமே செய்துவிடுகிறது. 1993-இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளி ஸ்ட்ராடஜி கேம் அப்படி. அதை முன்னோட்டமாக அறிமுகப்படுத்தி எழுதியபோதுதான் கேம்களைப் பற்றி எழுதும் ஆலன் எம்ரிச் இவ்வகை ஸ்ட்ராடஜி கேம்களுக்கு ‘4எக்ஸ்’ என்ற பெயரை உருவாக்கினார்: தேடு, பரவு, பயன்படுத்து, அழி என்று பொருள்படும், ‘எக்ஸ்’ என்று தொடங்கும் நான்கு ஆங்கில வினைகளின் சுருக்கம். அதில் எல்லாத் தொழில்நுட்பமும் எல்லா ஆட்டத்திலும் உங்களுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் சில ஆராய்ச்சிகள் உங்கள் பட்டியலிலேயே இருக்காது. வேண்டுமானால் அண்டை இனத்திடம் பேரம் பேசி வாங்க வேண்டும், அல்லது உளவாளி அனுப்பித் திருட வேண்டும். போன ஆட்டத்தில் மனப்பாடம் செய்த வெற்றி வழி இந்த ஆட்டத்தில் பாதியிலேயே அறுந்துவிடும். முப்பது வருடத்துக்கு முந்தைய இந்தச் சின்ன ஏற்பாட்டை இன்றைய பல கேம்கள் எடுத்துக்கொள்ளாதது எனக்கு வருத்தம்தான்.

ஒரு நாகரிகத்தைத் தொடக்கத்திலிருந்து வளர்க்கும் சிவிலைசேஷன் கேமை உருவாக்கிய சிட் மையர், கேம் என்பது சுவாரசியமான முடிவுகளின் தொடர் என்ற கருத்துக்குப் பெயர் பெற்றவர். இதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் எப்போது ஒரு முடிவு சுவாரசியமாகிறது என்பதுதான் முக்கியம். மூன்று வாள்களில் ஒன்று எப்போதுமே சிறந்தது என்றால் அங்கே தேர்வே இல்லை. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவே வழி இல்லை என்றால் அது சீட்டுக் குலுக்கல். எதை எடுத்தாலும் பின்னால் ஒன்றும் மாறாது என்றால் அது வெறும் அலங்காரம். ஓரளவு தெரிய வேண்டும், முழுதும் தெரியக் கூடாது, எடுத்த முடிவின் விளைவு கொஞ்ச நேரம் கழித்தாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது மிகவும் கடினமான கைவேலை.

அப்புறம், ‘இன்னும் ஒரே ஒரு டர்ன்’ (நம் முறைக்கான ஒரு சுற்று) என்று விடியும்வரை உட்கார வைக்கும் அந்த விஷயம். 1991-இல் வந்த முதல் சிவிலைசேஷனிலிருந்தே இது உண்டு. இதற்கு மாயம் எதுவும் காரணம் இல்லை. வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதுதான் காரணம். இன்னும் 2 டர்னில் குதிரைப்படை தயாராகும். 4 டர்னில் எழுத்து கண்டுபிடிக்கப்படும். 5 டர்னில் குடியேறப் புறப்பட்டவர்கள் அந்த ஆற்றங்கரையை அடைவார்கள். குதிரைப்படை வந்ததும் நிறுத்தலாம் என்று நினைப்போம். வந்தவுடன் அதை எங்காவது அனுப்பாமல் எழுந்திருக்க முடியாது. அனுப்பினால் அது போய்ச் சேர 3 டர்ன். அதற்குள் எழுத்து வந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் முடிகிற இடம் என்று ஒன்று வரவே வராது. அதனால் ‘இங்கே நிறுத்தலாம்’ என்று மனம் ஒப்புக்கொள்ளும் தருணமும் வராது. கதையை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லும் கேம்களில் ஒவ்வொரு அத்தியாய முடிவும் எழுந்து போக ஒரு வாசல். சிவிலைசேஷனில் அந்த வாசலே கட்டப்படவில்லை.

ஆனால் இதே கேமில் ஒரு குறை உண்டு. நான் தொடங்கிய சிவிலைசேஷன் ஆட்டங்களில் முடித்தவை மிகக் குறைவு. நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் நூறு டர்னில் ஒவ்வொரு அசைவும் கனமானது: முதல் நகரத்தை ஆற்றோரம் வைப்பதா, குன்றின் மேல் வைப்பதா என்பதே மொத்த வரலாற்றையும் மாற்றிவிடும். பிற்பகுதியில் நாற்பது நகரங்கள் இருக்கும்; ஒவ்வொன்றிலும் என்ன கட்டுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கும்; எதைக் கட்டினாலும் ஜெயிக்கப் போவது நான்தான் என்று தெரிந்திருக்கும். வேலை கூடிக்கொண்டே போகும், முடிவுகள் குறைந்துகொண்டே போகும். அந்த இடத்தில்தான் மூடிவிட்டு, வேறு நாட்டை, வேறு மேப்பை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். ஆக, திரும்பத் திரும்ப ஆடுவதில் ஒரு பங்கு அந்தக் கேமின் பலத்தால் வருகிறது. ஒரு பங்கு அதன் பிற்பாதியின் பலவீனத்தால் வருகிறது. இதைப் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை.

க்ரூசேடர் கிங்ஸ் வரிசை இந்தச் சிக்கலை அழகாகச் சமாளிக்கிறது. அதில் நீங்கள் ஆள்வது ஒரு நாட்டை என்பதைவிட ஒரு வம்சத்தை என்பதே சரி. முப்பது வருடம் பாடுபட்டுச் சேர்த்த ராஜ்யத்தை விட்டுவிட்டு மன்னர் செத்துப்போவார். 2020-இல் வந்த மூன்றாம் பாகத்தில், ஆரம்பக் காலங்களில் வாரிசுச் சட்டப்படி நிலம் பிள்ளைகளுக்குள் பிரிந்துவிடும். மூத்தவன் கோழை, இளையவள் தந்திரக்காரி, நடுவிலிருப்பவன் உங்களை வெறுப்பவன். ஒரே இரவில் நீங்கள் மறுபடி சின்ன ஆளாகிவிடுவீர்கள். முதல் நூறு டர்னின் கனம் திரும்ப வந்துவிடும். அதோடு, மன்னரின் குணத்துக்கு மாறாக நடந்தால் அவருக்கு மன அழுத்தம் ஏறும். இரக்க குணமுள்ளவர் கைதியைக் கொல்ல உத்தரவிட்டால் அவரே உள்ளுக்குள் உடைவார். லாபக் கணக்குப்படி சரியான முடிவு, இந்த மனிதரால் எடுக்க முடியாத முடிவாகிவிடுகிறது. ஸ்ட்ராடஜியும் ஆர்பிஜியும் இவ்வளவு இயல்பாகக் கலந்த இடத்தை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அலுக்கும், அதனால் கொஞ்சம் தற்செயலைச் சேர்க்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கே சேர்ப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் முடிவெடுப்பதற்கு முன்னால் வரும் தற்செயல் வேறு, எடுத்த பிறகு வரும் தற்செயல் வேறு. முதல் வகை எனக்கு ஒரு புதுச் சிக்கலைக் கொடுத்து ‘இதை வைத்து என்ன செய்வாய்?’ என்று கேட்கிறது. இரண்டாவது வகை நான் யோசித்துச் செய்ததற்குப் பகடையை உருட்டித் தீர்ப்புச் சொல்கிறது.

முதல் வகையின் முன்னோடி 1980-இல் வந்த ரோக். மைக்கேல் டாய், க்ளென் விச்மன் இருவரும் அதைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து எழுத்து வடிவக் கேம்களில் புதிரை ஒருமுறை அவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது. உருவாக்கியவர்களுக்கோ ஆடவே எதுவும் இல்லை. தாங்களே ஆடினாலும் ஆச்சரியம் வர வேண்டும் என்று விரும்பியவர்கள், ஒவ்வொரு முறையும் சுரங்கத்தின் அறைகளையும் பொருள்களையும் கணினியே புதிதாக அமைக்கும்படி செய்தார்கள். செத்தால் செத்ததுதான், மறுபடி முதல் மாடி. இன்று ‘ரோக்லைக்’ என்று ஒரு வகைக்கே அதன் பெயர் நிற்கிறது.

அந்த வழியில் வந்தவற்றில் நான் அதிகம் மதிப்பது ஸ்லே த ஸ்பயர் (2019). ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று சீட்டுகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லும். எந்த மூன்று என்பது அதிர்ஷ்டம். ஆனால் எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பதைத் தலைக்கு மேலேயே காட்டிவிடுவார்கள்: இவ்வளவு அடிப்பான், அல்லது தற்காத்துக்கொள்வான். சீட்டுகளில் எண் எழுதியிருக்கிறது. அது அப்படியே நடக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் காட்டிய சீட்டையெல்லாம் எடுத்து அடுக்கைப் பெருக்கிவிடுவார்கள். நாலைந்து முறை தோற்ற பிறகுதான் புரியும்: அடுக்கு பெருத்தால் தேவையான சீட்டு கைக்கு வராது, மூன்றையும் வேண்டாம் என்று தள்ளிவிடுவதும் ஒரு முடிவு. ஒருமுறை ஜெயித்த பிறகு படிப்படியாக 20 நிலைகளுக்குக் கடினமாக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன விதிதான் மாறும், ஆனால் பழைய பழக்கம் ஒன்று உடையும்.

இரண்டாவது வகைக்கு, வேற்றுக்கிரக எதிரிகளோடு டர்ன் டர்னாகச் சண்டையிடும் எக்ஸ்காம் (2012) பேர்போனது. 95 சதவீதம் என்று காட்டும், சுடுவோம், குறி தவறும். ஆடியவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். கணக்குப்படி பார்த்தால் இருபது முறைக்கு ஒருமுறை தவறத்தான் வேண்டும். ஆனால் மனித மனம் 95 என்பதை ‘நிச்சயம்’ என்றே படிக்கிறது. ஃபயர் எம்ப்ளம் என்ற ஸ்ட்ராடஜி கேம் வரிசை இதை வேறு விதமாகச் சமாளித்தது. 2002-இல் வந்த பாகத்தில் தொடங்கிப் பல பாகங்களில், அடி விழுமா என்று தீர்மானிக்க ஒரு தற்செயல் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரி திரையில் காட்டிய எண்ணைவிடக் குறைவா என்று பார்க்கும். அதனால் திரையில் 90 என்று இருந்தால் உண்மையில் அடி விழும் வாய்ப்பு ஏறக்குறைய 98 சதவீதம். 10 என்று இருந்தால் ஏறக்குறைய 2 சதவீதம்தான். காட்டும் எண் பொய். ஆனால் ஆடுபவர் உணர்வது நியாயம். இது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தாலும் இன்டு த ப்ரீச் (2018) எடுத்த வழி இன்னும் பிடிக்கும்: எட்டுக்கு எட்டுக் கட்டங்கள், எதிரி எந்தக் கட்டத்தைத் தாக்கப் போகிறான் என்று முன்கூட்டியே தெரியும், உங்கள் அடி ஒருபோதும் குறி தவறாது. தோற்றால் காரணம் நீங்கள்தான் என்று சந்தேகமில்லாமல் தெரியும். அந்தத் தெளிவு இருக்கிறதே, அதுதான் உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வைக்கிறது.

தோல்வியைப் பற்றி இன்னொன்று. சேவ் செய்து வைத்துக்கொண்டு, கெட்டது நடந்தால் பின்னால் போய்விடும் பழக்கம் எனக்கும் வெகுநாள் இருந்தது. எக்ஸ்காமில் ஒரே சேவ் மட்டும் வைத்துக்கொண்டு, பின்வாங்க வழியில்லாமல் ஆடும் முறை உண்டு. அதில் ஆடத் தொடங்கியபோதுதான் அந்தக் கேமின் உண்மையான ருசி தெரிந்தது. ஒரு முறை, ஆரம்பத்திலிருந்தே கூட வந்த என் குறிபார்த்துச் சுடும் வீராங்கனையை ஒரு கூரை மேல் தனியாக நிறுத்தினேன். கூரையே இடிந்து விழும் என்று யோசிக்கவில்லை. அதற்கு முந்தைய பத்து வெற்றிகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை; அந்தக் கூரை இன்னும் நினைவிருக்கிறது. குள்ளர்களின் கோட்டையைக் கட்டி நடத்தும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் கேமை ஆடுகிறவர்களிடையே ‘தோற்பதே குதூகலம்’ என்று ஒரு வாசகம் புழங்குவது இதனால்தான். அங்கே உங்கள் கோட்டை விழுவது ஒரே அடியில் நடக்காது. ஒரு குள்ளனின் துக்கம் கோபமாகி, அந்தக் கோபம் அடிதடியாகி, ஊரே சிதைகிற கதையாக நடக்கும்.

ஆர்பிஜி பக்கம் வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி: நான் யார் என்பது இந்த உலகத்துக்குத் தெரியுமா? 1997-இல் வந்த ஃபால்அவுட் இதில் இன்றும் ஒரு அளவுகோல். கேரக்டரை உருவாக்கும்போது புத்திசாலித்தனத்தை மிகக் குறைவாக வைத்துப் பாருங்கள். உங்களால் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச முடியாது, முனகல்தான் வரும். எதிரே நிற்பவர்களும் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள். பல வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கவே மாட்டார்கள். அதே கேமில், பேச்சுத் திறமையும் சரியான ஆதாரமும் கையில் இருந்தால் கடைசிப் பெரிய எதிரியை ஒரு குண்டும் சுடாமல், அவனது திட்டமே அடிப்படையில் தவறு என்று அவனுக்கு நிரூபித்தே முடித்துவிடலாம். திரையில் நிரப்பும் எண்கள் வெறும் அடிதடிக் கணக்காக இல்லாமல், உலகத்தைப் பார்க்கும் கண்ணாடியாகவே மாறுகின்றன.

இந்த எண்ணத்தை எல்லைவரை கொண்டுபோனது டிஸ்கோ எலிசியம் (2019). அதில் நீங்கள் ஒரு துப்பறிவாளர். 24 திறன்கள், ஒவ்வொன்றும் உங்கள் தலைக்குள் ஒரு குரலாகப் பேசும், குறுக்கிடும், ஒன்றோடொன்று சண்டை போடும். சில சமயம் தவறான யோசனையும் சொல்லும். தர்க்கம் அதிகமுள்ள துப்பறிவாளரும் கற்பனை அதிகமுள்ள துப்பறிவாளரும் ஒரே அறைக்குள் நுழைந்து வேறு வேறு அறையைப் பார்த்துவிட்டு வருவார்கள். முயற்சியில் தோற்றாலும் கதை நின்றுபோகாது, வேறு பக்கம் திரும்பும். தோல்விக்கும் நல்ல வசனம் எழுதி வைத்திருப்பதால் பழைய சேவுக்குத் திரும்பும் லோட் பொத்தான் பக்கம் கையே போவதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாரோவிண்ட், ஸ்கைரிம் வரிசையிலேயே 2006-இல் வந்த ஆப்ளிவியனில் உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். ஒரு கட்டத்தில் சாதாரண வழிப்பறிக் கொள்ளைக்காரனே மிக அரிய கவசம் போட்டுக்கொண்டு நின்று சில்லறைக் காசு கேட்பான். எங்கே போனாலும் எனக்கேற்ற எதிரி என்றால், நான் வளர்ந்ததற்கு அடையாளமே இல்லை. ஃபால்அவுட்: நியூ வேகஸ் (2010) அப்படிச் செய்யவில்லை. தொடங்கும் ஊரிலிருந்து வேகஸ் நகரத்துக்கு வடக்கே நேர் வழி இருக்கிறது. அதில் போனால் டெத்க்ளா என்ற கொடிய விலங்குகள் கிழித்துப் போட்டுவிடும்; தெற்கே சுற்றித்தான் போக வேண்டும். ஆனால் இரண்டாம் முறை ஆடும்போது எந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். கேரக்டர் அதே முதல் லெவல்தான், வளர்ந்திருப்பது ஆடுபவர். உலகம் அசையாமல் நிற்பதால்தான் அந்த வளர்ச்சியை அளக்க முடிகிறது.

கணினி எதிரிகளைப் பற்றிச் சுருக்கமாக. அவர்கள் மேதைகளாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இல்லை. சிவிலைசேஷனில் உச்சக் கடின நிலையிலும் எதிரி அதிகம் யோசிப்பதில்லை. அவனுக்குத் தொடக்கத்திலேயே கூடுதல் படையும் குடியேறிகளும் சலுகைகளும் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது குணம். 1999-இல் வந்த ஆல்ஃபா சென்டாரி என்ற ஸ்ட்ராடஜி கேமில் ஏழு தலைவர்களுக்கும் ஏழு கொள்கைகள். இயற்கையை நேசிப்பவள் முன்னால் நீங்கள் லாப வெறியோடு சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறினால், எல்லையில் படையே இல்லாவிட்டாலும் உறவு கெடும். அவளோடு ஏன் பகை என்று எனக்குத் தெரியும். காரணம் தெரிந்த பகை ஒரு கதையாகிறது. காரணமே இல்லாமல் தாக்குபவன் வெறும் இடைஞ்சல்.

மோட்கள் ஒரு கேமின் ஆயுளைப் பல மடங்காக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1999-இல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3-க்கு ரசிகர்கள் புதிய நகரங்களே உருவாக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அடித்தளம் உறுதியாக இருந்த இடத்தில்தான் அது நடந்திருக்கிறது.

நீங்கள் இதுவரை எதையும் இரண்டாம் முறை ஆடியதில்லை என்றால், ஸ்லே த ஸ்பயரில் தொடங்குங்கள்; ஓர் ஆட்டம் ஒரு மணி நேரம் போலத்தான் ஆகும், தோற்பதும் சீக்கிரமே நடக்கும். நீளமான கதை வேண்டும் என்றால் முதல் ஃபால்அவுட். அதில் இடைமுகம் பழையது. முதல் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசத் தெரிந்த, சண்டை தெரியாத ஒருவரை உருவாக்கி முடித்துவிட்டு, மறுநாளே புத்தி மட்டான பலசாலி ஒருவரை அதே ஊருக்குள் நடக்க விடுங்கள். முதல் முறை உங்களோடு நீளமாகப் பேசிய அதே ஆட்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.